நடுக்கடல் மலைத்தொடருக்கு அடியில் இருக்கும் நைட்ரஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் வகுப்பில் ஆகட்டும், வெளியே பேசக் கூப்பிடும் இடங்களில் ஆகட்டும், "நாம் சுவாசிக்கும் நைட்ரஜனும் பூமிக்கு அடியில் இருக்கும் நைட்ரஜனும் ஒரே மாதிரி இல்லை" என்று சொன்னதும் கைகள் உயர்ந்துவிடும். கேட்கிற ஆள்தான் மாறுவார், கேள்வி அநேகமாக அதேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பிற்பாதிக் கேள்விகளுக்கு முற்பாதிப் பதில்கள் தேவைப்படும்.

நைட்ரஜன் காத்துலதானே இருக்கு? அது எப்படி பூமிக்கு அடியில போச்சு?

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்பது சரிதான். ஆனால் பூமியிடம் இருக்கும் நைட்ரஜன் முழுவதும் அங்கே இல்லை. நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம் இருக்கிறது. சில நூல்களில் மூடகம் என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அது குழம்பு அல்ல, திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மட்டும் மெல்ல நகரும் பாறை.

கடலடியில் எரிமலைக் குழம்பு வெளிவரும் நீண்ட மலைவரிசைதான் நடுக்கடல் மலைத்தொடர். அதற்கு அடியில் இருக்கும் கவசப் பாறையில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்கு நைட்ரஜன்கூடக் கிடையாது. ஆனால் கவசத்தின் எடை காற்று மண்டலத்தின் எடையைப்போல ஏறக்குறைய எட்டு லட்சம் மடங்கு. அதனால் துளித்துளியாக இருப்பதை எல்லாம் கூட்டினால், காற்றில் இருப்பதோடு ஒப்பிடும்படியான அளவு வந்துவிடுகிறது. அது பின்னாளில் உள்ளே போனது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு பகுதி பூமி உருவானபோதே உள்ளே மாட்டிக்கொண்டது. இன்னொரு பகுதி கடல் தரையோடு சேர்ந்து உள்ளே போயிருக்கலாம். எது எவ்வளவு என்பதில்தான் இந்தத் துறையின் பாதிச் சண்டை.

ஐசோடோப்புன்னா கதிரியக்கமா? ஆபத்தா?

இல்லை. நைட்ரஜனுக்கு இயற்கையில் நிலையான ஐசோடோப்புகள் இரண்டு உண்டு: நைட்ரஜன்-14, நைட்ரஜன்-15. இரண்டிலும் புரோட்டான் ஏழு. நியூட்ரான் மட்டும் ஒன்றில் ஏழு, மற்றொன்றில் எட்டு. இரண்டும் சிதையாது, கதிர் வீசாது. வேதியியல் குணம் ஒன்றே, எடை மட்டும் கொஞ்சம் வேறு.

காற்றில் ஒரு கோடி நைட்ரஜன் அணுக்களை எடுத்தால் அவற்றில் சுமார் 36,600 மட்டுமே கனமானவை. மற்றதெல்லாம் நைட்ரஜன்-14. சிதையாத அணுக்கள் என்பதால் இந்த விகிதம் நாளாக ஆகத் தானாக மாறாது. எங்கேயாவது கலந்தால் மாறும், எங்கேயாவது பிரிந்தால் மாறும். அதனால்தான் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்க இந்த விகிதத்தை நம்புகிறோம். மலைத்தொடருக்கு அடியில் உள்ள கவசத்துக்கு இந்த விகிதத்தை −5 என்ற எண்ணால் சொல்வது வழக்கம். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

மைனஸ் 5னு சொல்றீங்க. ஒரு வாயு எப்படி மைனஸ்ல இருக்கும்?

வாயு மைனஸில் இல்லை, ஒப்பீடுதான் மைனஸ். காற்றின் விகிதத்தை பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு மாதிரியில் கனமான அணுக்கள் அதைவிட ஆயிரத்துக்கு ஐந்து குறைவாக இருந்தால் −5, ஆயிரத்துக்கு ஐந்து கூடுதலாக இருந்தால் +5. நூற்றுக்கு எவ்வளவு என்று இல்லாமல், ஆயிரத்துக்கு எவ்வளவு என்று சொல்கிறோம். அவ்வளவுதான்.

மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள். காற்றில் ஒரு கோடிக்கு 36,600 கனமான அணுக்கள் என்றால், நடுக்கடல் மலைத்தொடர்களுக்கு அடியில் உள்ள கவசத்தில் அதைவிடச் சுமார் 180 குறைவு. இதுதான் அந்த −5. உலகின் பல கடல்களில் எடுத்த மாதிரிகளை வைத்து −5, அதிலிருந்து இரண்டு முன்னே பின்னே, என்று 1990-களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். கோடியில் 180 அணு என்பது ரொம்பச் சின்னது என்று தோன்றும். ஆனால் கவசத்தில் நைட்ரஜன் போன்ற ஒன்று 450 கோடி ஆண்டுகளாகக் காற்றோடு ஒத்துப்போகாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த 180 அணுக்கள் எங்கே போயின என்று கேட்டால், பதில் தேடி சூரியன் வரை போக வேண்டியிருக்கிறது.

எரிமலை எங்க வேணாலும் இருக்கே, ஏன் நடுக்கடலுக்குப் போகணும்?

இரண்டு காரணம். முதலாவது, நடுக்கடல் மலைத்தொடரில் பூமியின் மேற்புறப் பாறைத் தட்டுகள் இரண்டு விலகுகின்றன. அந்த இடைவெளியில் கவசம் மேலே வருகிறது. மேலே வர வர அழுத்தம் குறைந்து அதில் கொஞ்சம் உருகி, பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறையின் குழம்பாக வெளியேறுகிறது. பழைய கண்டப் பாறை, படிவுப் பாறை எதையும் துளைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஆகவே அதில் இருப்பது பெரும்பாலும் கவசத்தின் சரக்குதான். இந்தத் தொடர் எல்லாப் பெருங்கடல்களிலும் சேர்த்து 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. அதனால் ஒரே ஓர் இடத்தின் குணத்தை உலகத்தின் குணம் என்று ஏமாற வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். நிலத்தில் எரிமலை வெடித்தால் வாயு எல்லாம் வானத்துக்குப் போய்விடும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கடல் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்தோடு அமுக்கிக்கொண்டிருக்கிறது. குழம்பு வெளியே வந்ததும் குளிர்ந்த நீர் பட்டு மேல்பக்கம் சட்டென்று கண்ணாடியாக உறைகிறது. உள்ளே இருந்த வாயுவில் ஒரு பகுதி குமிழிகளாக அந்தக் கண்ணாடியிலேயே சிறைப்படுகிறது.

கல்லுக்குள்ள வாயு இருக்குன்னு கண்ணால பாக்க முடியுமா?

முடியும், காதாலும் கேட்கலாம். 1985-இல் சோவியத் ஆய்வுக் கப்பலான அகாடமிக் போரிஸ் பெட்ரோவ், நடு அட்லாண்டிக் மலைத்தொடரில் வடக்கு அட்சம் 14 டிகிரிக்குப் பக்கத்தில் கடல் தரையை வாரி எடுத்தது. மேலே வந்த கற்கள் கப்பல் தளத்தில் கிடந்தபடியே படபடவென்று வெடித்தன. ஆழத்தின் அழுத்தம் போய்விட்டது, உள்ளே இருக்கும் குமிழிகளோ பழைய அழுத்தத்திலேயே இருக்கின்றன. சில்லுகள் தெறிக்கும் அளவுக்குப் போய்விடும். இந்த வகைப் பாறைக்கு வெடிக்கும் கல் என்றே பெயர் வந்துவிட்டது.

சாதாரண நடுக்கடல் பசால்ட்டில் குமிழிகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தால் அதிகம். அந்தக் கல்லிலோ கன அளவில் சுமார் 17 பங்கு குமிழிதான். வாயுவை இழக்காமல் மேலே வந்த குழம்பு என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று நேரில் பார்க்க 2016-இல் ஆல்வின் நீர்மூழ்கி அதே பகுதியில் இறங்கி, தரையில் உறைந்த இடத்திலேயே இத்தகைய கற்களை எடுத்து வந்தது.

இந்தக் கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் கரிய நிறம், கீல் உடைந்த மாதிரி வழவழப்பான முறிவு. தலையணை லாவா என்று சொல்லும் உருண்டைகளின் வெளித்தோல் இது, ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் உண்டு. நமக்கு வேண்டியது அந்தத் தோல் மட்டும். உள்ளே இருக்கும் பாறை மெதுவாக ஆறி, படிகமாகி, வாயுவை விட்டிருக்கும்.

அதை எப்படி அளக்கிறாங்க? கல்லை உடைச்சா நம்ம காத்துதானே உள்ள போகும்?

நல்ல சந்தேகம். இந்தத் துறையில் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். நாம் தேடும் பொருளே நம்மைச் சுற்றி நூற்றுக்கு 78 பங்கு இருக்கிறது. அதனால் கல்லை வெற்றிடத்துக்குள் வைத்து உடைக்கிறார்கள். எஃகுக் குழாய் ஒன்றில் கண்ணாடித் துண்டுகளைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை முழுதாக இறைத்துவிட்டு, உள்ளேயே இருக்கும் ஓர் இரும்பு உலக்கையை வெளியிலிருந்து காந்தத்தால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். உரலில் இடிப்பதுதான், மூடி திறக்காமல் இடிப்பது. குமிழிகள் உடைந்து வாயு வெளியே வரும்.

வந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தால் இன்னொரு சிக்கல். அதன் மூலக்கூறு எடையும் 28, நைட்ரஜன் மூலக்கூறின் எடையும் 28. நிறைமாலைமானியில், அதாவது எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில், இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். அதற்காக வாயுவைச் சூடான காப்பர் ஆக்சைடு மேல் விட்டு, கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, குளிரூட்டிய பொறியில் உறைய வைத்துப் பிடித்துவிடுகிறார்கள். மிஞ்சும் நைட்ரஜன் மிக மிகக் குறைவு. அதைத்தான் எண்ணுகிறார்கள்.

இவ்வளவு செஞ்சும் காத்து கலந்துதான் இருக்கும்னா, அதை எப்படிக் கழிக்கிறது?

இங்கே ஆர்கான் உதவிக்கு வருகிறது. ஆர்கான்-36 பூமி பிறந்தபோதே இருந்தது. ஆர்கான்-40 பொட்டாசியம்-40 சிதைந்து வருவது. பொட்டாசியம்-40-இன் அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. காற்றில் ஆர்கான்-40, ஆர்கான்-36-ஐப்போல் சுமார் 300 மடங்கு. கவசத்திலோ ஆர்கான்-36 ரொம்பவே குறைவு. அந்த வெடிக்கும் கல்லில் இந்த விகிதம் 25,000-ஐத் தாண்டுகிறது. அப்படியானால் ஒரு மாதிரியில் விகிதம் 25,000-லிருந்து 300-ஐ நோக்கி எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அவ்வளவுக்குக் காற்று கலந்திருக்கிறது.

ஒரே பகுதியின் பல துண்டுகளில் நைட்ரஜனையும் ஆர்கானையும் சேர்த்து அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்தால், அவை ஒரு கோட்டில் விழும். கோட்டின் ஒரு முனை காற்று. அதை எதிர்ப்பக்கம் நீட்டினால் காற்றே கலக்காத கவசம் எங்கே இருக்கும் என்று தெரியும். அப்படி நீட்டும்போது கிடைப்பதுதான் −5. பால்காரர் தண்ணீர் கலந்ததைப் பால்மானியில் கண்டுபிடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பால்மானி வேலையை இங்கே ஆர்கான் செய்கிறது.

குழம்பு மேல வரும்போதே வாயு வெளியேறுமே. அதுலயே விகிதம் மாறிடாதா?

மாறலாம், ஆனால் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. 1,200 டிகிரி வெப்பத்தில் கனமானது, லேசானது என்ற வேற்றுமை அணுக்களிடம் மங்கிவிடும். குளிர்ந்த நீரில், உயிரினங்களின் உடலில் நடக்கும் பிரிவினை அங்கே அவ்வளவாக நடப்பதில்லை. இன்னொன்று, நடுக்கடல் பசால்ட் குழம்பில் நைட்ரஜனின் கரைதிறன் ஆர்கானின் கரைதிறனுக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் வாயு பாதி போனாலும் நைட்ரஜனும் ஆர்கானும் சேர்ந்தே போகும், இரண்டுக்கும் உள்ள விகிதம் நிற்கும்.

ஆக்சிஜன் குறைந்த குழம்பில் கதை வேறு. அங்கே நைட்ரஜன் வாயுவாக இல்லாமல் நைட்ரைடாக மாறி, குழம்பின் அமைப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பூமி குழந்தையாக இருந்தபோது, மேற்பரப்பு முழுக்க மாக்மாக் கடலாக இருந்த காலத்தில், அப்படி நடந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்றைய மலைத்தொடர்களில் அந்த நிலை இல்லை.

கடல் கல்லைத் தவிர வேற சாட்சி இருக்கா?

இருக்கிறது, வைரம். பெரும்பாலான வைரங்களில் கார்பன் அணுக்களுக்கு நடுவே நைட்ரஜன் புகுந்திருக்கும். மஞ்சள் சாயல் வருவதே அதனால்தான். வைரம் உருவாவது கண்டங்களுக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் ஆழத்தில். அவற்றில் பல நூறு கோடி ஆண்டுகள் வயதானவையும் உண்டு. கவசப் பாறையோடு சேர்ந்து வளர்ந்த வைரங்களில் நைட்ரஜனை அளந்தால், அதிகம் வருவது அதே −5-ஐ ஒட்டிய எண்தான். ஒன்று கடலடியில் நேற்று வந்த குழம்பு, இன்னொன்று கண்டத்துக்கு அடியில் என்றோ உறைந்த கல். இடமும் வேறு, காலமும் வேறு. இருந்தும் எண் ஒத்துப்போகிறது. என்னைப் பொறுத்தவரை −5-ஐ நம்ப இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கோல்கொண்டா வைரம், கோஹினூர் எல்லாம் பளிங்குபோல் இருப்பதற்குக் காரணம் கேட்பார்கள். அவை நைட்ரஜன் அநேகமாக இல்லாத வகை. பார்க்க அழகுதான், ஆனால் இந்த ஆராய்ச்சிக்கு உதவாது.

சரி, காத்து பூஜ்யம், கவசம் மைனஸ் 5. இதுல எது பூமியோட ஒரிஜினல்?

இதற்குப் பதில் சொல்ல பூமியை விட்டு வெளியே போக வேண்டும். சூரியன் −383. அதாவது காற்றைவிட நூற்றுக்கு 38 பங்கு கனமான அணுக்கள் குறைவு. இது ஜெனிசிஸ் விண்கலம் பிடித்துக்கொண்டு வந்த சூரியக் காற்றிலிருந்து தெரிந்தது. 2004 செப்டம்பரில் திரும்பி வரும்போது பாராசூட் விரியாமல் கலம் யூட்டா பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. நொறுங்கிய தட்டுகளைப் பொறுக்கி, சுத்தம் செய்து, அளந்து, 2011-இல் அந்த எண்ணைச் சொன்னார்கள். எதிர் முனையில் வால்மீன்கள். அவற்றில் கனமான நைட்ரஜனின் விகிதம் காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நடுவில் விண்கற்கள். என்ஸ்டடைட் காண்ட்ரைட் என்ற வகை −20 முதல் −40 வரை. சூரியனுக்கு அருகே, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உருவானவை. கார்பன் நிறைந்த காண்ட்ரைட் வகையில் முக்கியமானவை +30, +40 என்று நிற்கும். தூரத்தில், குளிரில் உருவானவை. இவ்வளவு வேற்றுமை எப்படி வந்தது என்றால், சூரியனைச் சுற்றியிருந்த வாயு வட்டில் புறஊதாக் கதிர் பட்டபோது, அதிகமாக இருந்த லேசான நைட்ரஜன் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துத் தப்பித்தன. அரிதாக இருந்த கனமானவற்றுக்கு நிழல் இல்லை. அவை உடைந்து, பனியாகவும் கரிமப் பொருளாகவும் மாறி, தூரத்துக் கற்களில் சேர்ந்துவிட்டன என்பதுதான் இப்போது பெரிதும் ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம்.

இந்தப் பட்டியலில் −5-ஐ வைத்துப் பாருங்கள். எந்த வகைக் கல்லோடும் நேராகப் பொருந்தவில்லை, இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 1980-களில் பாரிஸைச் சேர்ந்த மார்க் ஜவாய், பூமி என்ஸ்டடைட் வகைக் கல்லால் கட்டப்பட்டது, பிறகு கார்பன் வகைக் கல் மேலே வந்து சேர்ந்தது என்றார். கவசத்தில் பழைய லேசான நைட்ரஜனின் வாசனை மிச்சம், காற்றில் பின்னால் வந்த கனமானது அதிகம் என்பது அந்த வழியில் கிடைக்கும் படம். ஆகவே எது ஒரிஜினல் என்றால், இரண்டுமே கலவைதான். கவசத்தில் பழையது கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

லேசான நைட்ரஜன் காத்துல இருந்து விண்வெளிக்குப் பறந்து போயிருக்கலாமே? அப்பவும் காத்து கனமாத்தானே ஆகும்?

ஆகும். அது கற்பனையும் இல்லை, செவ்வாயில் நடந்திருக்கிறது. 1976-இல் வைகிங் கலங்கள் செவ்வாயின் காற்றை அளந்தபோது நைட்ரஜன் சுமார் +600 என்று வந்தது. ஈர்ப்பு குறைந்த கோள். லேசானது கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப் போய், கனமானது தங்கிவிட்டது.

பூமியின் ஈர்ப்பு அதிகம். இன்றைய நிலையில் நைட்ரஜன் அந்த அளவுக்குத் தப்பிக்காது. ஆரம்ப காலத்தில் சூரியனின் புறஊதாக் கதிர் கடுமையாக இருந்தபோது கொஞ்சம் போயிருக்கலாம் என்பவர்கள் உண்டு. காற்றுக்கும் கவசத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்துக்கு ஐந்துதான் என்பதால், சின்ன இழப்புகூடக் கணக்கில் வரும். அதனால் இந்த வழியை யாரும் முழுதாக மூடிவிடவில்லை.

கடல் தரை திரும்ப உள்ள போகுதே. அதோட நைட்ரஜனும் போனா, கவசம் கலங்கிப் போயிருக்கணுமே?

நான் கேட்டவற்றிலேயே கூர்மையான கேள்வி இது. கடலடிச் சேற்றில் உயிரினங்கள் விட்டுச்சென்ற நைட்ரஜன் +5, +6, +7 என்று கனமாக இருக்கும். அது அம்மோனியமாக மாறி களிமண்ணிலும் அபிரகத்திலும் உட்கார்ந்துகொள்ளும். அம்மோனியம் அயனியின் அளவு பொட்டாசியம் அயனியின் அளவுக்குப் பக்கம். அதனால் பொட்டாசியத்துக்கான நாற்காலியில் அது உட்கார்ந்துவிடுகிறது. தட்டு அமிழும்போது இதுவும் சேர்ந்து போகிறது. ஆல்ப்ஸ் மலையில், ஒருகாலத்தில் ஆழத்துக்குப் போய்த் திரும்பி வந்த படிவுப் பாறைகளில், சுமார் 90 கிலோமீட்டர் ஆழம் போனவற்றிலும் நைட்ரஜன் தங்கியே இருந்தது.

அப்படியென்றால் கனமான நைட்ரஜன் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் மலைத்தொடருக்கு அடியில் இருப்பது இன்னும் −5. இதற்கு இரண்டு வழிகளில் பதில் சொல்கிறார்கள். ஒன்று, உள்ளே போவதில் பெரும்பங்கு, தட்டு அமிழும் இடத்தை ஒட்டி வரிசையாக எழும் எரிமலைகள் வழியாக உடனே வெளியே வந்துவிடுகிறது. மத்திய அமெரிக்காவில் எரிமலை வாயுக்களை அளந்தவர்கள் 2002-இல் அப்படித்தான் சொன்னார்கள். மற்றொன்று, அது மேல் கவசத்தில் நிற்காமல் இன்னும் கீழே போய்ச் சேர்கிறது. குளிர்ந்த, பழைய தட்டு அமிழும் இடங்களில் நைட்ரஜன் தப்பிக்காமல் ஆழம் போகும் வாய்ப்பு கூடுதல். சூடான இளம் தட்டு அமிழும் இடங்களில் குறைவு. எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

ஹவாய், ஐஸ்லாந்து எரிமலையும் கவசத்துல இருந்துதானே வருது? அங்கயும் மைனஸ் 5ஆ?

இல்லை. அங்கே ஆழத்திலிருந்து சூடான பாறைத் தூண் மேலே வருகிறது. அந்த மாதிரி இடங்களில் கிடைப்பது +3-ஐ ஒட்டிய எண்கள். முந்தைய கேள்வியின் இரண்டாவது பதிலுக்கு இது வலு சேர்ப்பதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்: அமிழ்ந்த தட்டுகளின் கனமான நைட்ரஜன் அடியில் போய்ச் சேர்ந்து, தூண் வழியாகத் திரும்பி வருகிறது. 2003-இல் மார்ட்டி, டோஃபாஸ் இருவரும் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தைத் தெளிவாக முன்வைத்தது.

அது முடிவான விஷயமா?

இருந்தது, 2020 வரை. அந்த ஆண்டு வேறொரு கருவியோடு இன்னொரு குழு வந்தது. இதுவரை ஒரு மூலக்கூறில் ஒரு கனமான அணு இருப்பதைத்தான் எண்ணினோம். இரண்டு அணுவுமே கனமாக இருக்கும் மூலக்கூறும் உண்டு, சுமார் 75,000-க்கு ஒன்று. காற்றின் மேலடுக்கில் நடக்கும் வேதிவினைகளால், காற்றில் இந்த இரட்டைக் கனம் தற்செயலாக இருக்க வேண்டியதைவிட ஆயிரத்துக்கு 19 கூடுதல். எரிமலைக்கு அடியில் இருக்கும் வெப்பத்தில் அந்தக் கூடுதல் நிற்காது, பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிடும். ஆகவே ஒரு வாயு மாதிரியில் அந்த 19 எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் காற்று கலந்திருக்கிறது. ஆர்கானைக் கேட்கத் தேவையில்லை, நைட்ரஜனே தன் கதையைச் சொல்லிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெரிய நிறைமாலைமானியில் ஐஸ்லாந்து, யெல்லோஸ்டோன் போன்ற இடங்களின் வாயுவை அளந்தபோது, கவச நைட்ரஜன் என்று நம்பிய பலவும் நிலத்தடி நீரோடு உள்ளே போய் வந்த காற்றுதான் என்று தெரிந்தது. போகிற வழியில் அதன் ஐசோடோப்பு விகிதமும் ஆர்கான் விகிதமும் மாறியிருந்ததால் பழைய கணக்கு ஏமாந்துவிட்டது. யெல்லோஸ்டோனில் காற்றைக் கழித்த பிறகும் +3-ஐ ஒட்டிய எண் நின்றது. ஆனால் அது தட்டு கொண்டுபோன நைட்ரஜன் அல்ல, பூமி கட்டப்பட்ட காலத்திலேயே ஆழத்தில் வேறு சரக்கு சேர்ந்ததன் அடையாளம் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். மற்றவர்கள் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நாம சுவாசிக்கிற நைட்ரஜன் எல்லாம் இந்த மலைத்தொடர் வழியா வந்ததா?

இன்றைய வேகத்தில் வந்திருக்க முடியாது. மலைத்தொடர்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு வெளிவிடுவது சுமார் 60,000 டன் நைட்ரஜன் என்று 1990-களில் கணக்கிட்டார்கள். காற்றில் இருப்பது 3,900 லட்சம் கோடி டன். வகுத்துப் பார்த்தால் 6,500 கோடி ஆண்டு வேண்டும். பூமிக்கே 450 கோடி ஆண்டுதான் வயது. அதனால் காற்றின் பெரும்பகுதி ஆரம்ப காலத்திலேயே, கவசம் கொதித்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது வெளியேயிருந்து வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்வதும் இதே நைட்ரஜன்தான். உரத் தொழிற்சாலைகள் அதைக் காற்றிலிருந்து ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேல் எடுக்கின்றன.

கவசத்துல நைட்ரஜன் குறைவா இருக்குன்னு ஒரு புகார் இருக்காமே?

உண்டு. விண்கற்களில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பார்த்தால், காற்றும் கவசமும் மேலோடும் சேர்ந்தாலும் இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன்தான் தேறுகிறது. மிச்சம் எங்கே என்பதற்கு முக்கியமான சந்தேகம் பூமியின் மையத்தில் இருக்கும் கருவத்தின் மேல். மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இரும்போடு சேர விரும்பும். பூமியின் இரும்பு உருகி மையத்துக்கு இறங்கியபோது நைட்ரஜனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். சிலர் பெரும் மோதல்களில் ஆதிக் காற்று பறிபோனது என்கிறார்கள். இரண்டும் நடந்திருக்கலாம்.

இந்தியப் பெருங்கடல்ல இந்த மலைத்தொடர் இருக்கா?

இருக்கிறது. அரபிக்கடலில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடராகத் தொடங்கி, தெற்கே மத்திய இந்திய மலைத்தொடராக நீண்டு, ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே வேறு இரண்டு கிளைகளோடு கூடுகிறது. அங்கிருந்து தென்மேற்கே போகும் கிளை உலகிலேயே மிக மெதுவாக விரியும் மலைத்தொடர்களில் ஒன்று, ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அந்தக் கிளையின் பசால்ட் கண்ணாடியில் நைட்ரஜன், கார்பன், ஆர்கான் மூன்றையும் சேர்த்து அளந்த ஆய்வு 2001-இல் வந்தது.

2024 டிசம்பரில் சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆராய்ச்சி மையமும் மத்திய இந்திய மலைத்தொடரில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றைப் படம் எடுத்தார்கள். அந்த நீரில் நைட்ரஜனை அளக்கலாமே என்று கேட்பார்கள். அளக்கலாம், ஆனால் அதில் கடல்நீர் வழியே வந்த காற்று நைட்ரஜனும் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது பக்கத்தில் கிடக்கும் கண்ணாடித்தோல்.

கடைசியா ஒண்ணு. 2020ல வந்த முறையை நேரா மலைத்தொடர் கல்லுலயே செஞ்சு பாத்துட்டா முடிஞ்சதில்லையா?

அதைத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். தடை, வாயுவின் அளவு. 75,000-க்கு ஒன்று என்ற மூலக்கூறை ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு எண்ண வேண்டும் என்றால் நிறைய நைட்ரஜன் வேண்டும். நிலத்தில் உள்ள வெந்நீர் ஊற்றுக்குப் போனால் வாயுவைக் குப்பி குப்பியாகப் பிடித்து வரலாம். சாதாரண கடலடிக் கண்ணாடியில் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நைட்ரஜன், அதற்கும் கீழேதான் பல கற்கள். கிலோக் கணக்கில் இடித்தால் வாயு கூடும், கூடவே விரிசல் வழியே புகுந்த காற்றும் கூடும்.

அதனால் மறுபடியும் வெடிக்கும் கல்லுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. குமிழி நிறைந்த கல் என்பதால் கொஞ்சம் இடித்தாலே வாயு கிடைக்கும், கலந்த காற்றின் பங்கும் குறைவு. 1985-இல் அட்லாண்டிக்கில் வாரிய அந்தக் கற்களின் துண்டுகளைப் பல நாட்டு ஆய்வகங்கள் சில கிராம்களாகப் பங்கிட்டு, நாற்பது ஆண்டாக அளந்து அளந்து பார்த்திருக்கின்றன.